குட்டி யானையில் ஒரு வெங்காய மிஷின்

நாள் 1, திங்கள்: பெரம்பலூர் – துவாக்குடி

மிஷினைத் தூக்கி வண்டியில் வைக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். எடை தொண்ணூறு கிலோவாவது இருக்கும். குட்டி யானையின் பின்பக்கம் பழைய டயர் இரண்டைப் போட்டு, அதன்மேல் மிஷினை உட்கார வைத்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார் மச்சான். மிச்ச இடத்தில் தாள் அறுக்காத சின்ன வெங்காயம் மூன்று மூட்டை. எதற்கு என்றேன். "மிஷினை மட்டும் காட்டுனா எவன் நம்புவான் மாப்ள? அறுத்துக் காட்டணும்ல."

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். செட்டிகுளம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் பட்டறை என்றால் இரண்டு உண்டு. ஒன்று லேத் பட்டறை. இன்னொன்று வெங்காயத்தைத் தாளோடு குவித்து, சுற்றிப் படல் கட்டி, விலை ஏறும்வரை காத்து வைக்கிற வெங்காயப் பட்டறை. முதல் பட்டறைக்காரர் இரண்டாம் பட்டறைக்காரர்களுக்காக ஒரு மிஷின் செய்திருக்கிறார். வெங்காயத்தை மூட்டை பிடிப்பதற்கு முன்னால் காய்ந்த தாளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நாள் முழுக்க அறுப்பார்கள். அந்த வட்டம் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வருகிறது. மச்சானின் மிஷினில் சாய்வான தட்டு ஒன்று ஆடும். வெங்காயம் உருண்டு வரும். ரப்பர் சுற்றிய இரண்டு உருளைகள் தாளைக் கீழே இழுக்கும், அடியில் கத்தி அறுக்கும். அரை எச்பி மோட்டார், வீட்டு கரண்ட்டிலேயே ஓடும்.

மூன்று தோட்டங்களில் இரண்டு வருஷமாக ஓடுகிறது. நாலாவது மிஷினை யாருக்கு, எப்படி விற்பது என்பதில் வந்து நிற்கிறார். நான் ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன். மாதம் 20ஆம் தேதி தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம், அதனால் துணைக்குக் கிளம்பிவிட்டேன். புத்தொழில் (ஸ்டார்ட்அப்), அதை வளர்த்துவிடும் இன்குபேட்டர், தொடக்கத்துக்குக் கொடுக்கும் ஆதார நிதி என்றெல்லாம் பேப்பரில் வருகிறதே, அது எங்கே இருக்கிறது, உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுவது திட்டம்.

முதலில் போனது ஒரு கல்லூரி இன்குபேட்டர். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் இங்கிலீஷ் வாசகங்கள். "மிஷின் வெளிய வண்டியிலதான் சார் இருக்கு, ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்றார் மச்சான். அந்தத் தம்பி எழுந்திருக்கவே இல்லை. "முதல்ல டெக் அனுப்புங்க சார், பத்து ஸ்லைடு, இங்கிலீஷ்ல." வெளியே வந்ததும் மச்சான் என்னிடம் கேட்டார்: "டெக்குன்னா, கல்யாண வீட்டுல வாடகைக்கு எடுத்துக் கேசட் போடுவாங்களே, அதுவா?"

அங்கிருந்து துவாக்குடி, டிரெக்-ஸ்டெப். 1986இல் தொடங்கிய இடம். நாட்டின் முதல் அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்காக்களில் ஒன்று. இருப்பது என்.ஐ.டி. வளாகத்தில்; அது அப்போது மண்டலப் பொறியியல் கல்லூரியாக (ஆர்இசி) இருந்தது; பெயரில் இருக்கும் 'ரெக்' அந்தக் காலத்து மிச்சம். ஸ்டார்ட்அப் என்ற வார்த்தை நம் பேப்பர்களில் நுழைவதற்கு எவ்வளவோ முன்னால். இங்கே ஏன் வந்தது என்பது சாலையில் போனாலே புரியும். பக்கத்தில் பெல் ஆலை, அதை நம்பிச் சுற்றிலும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள், எங்கு பார்த்தாலும் வெல்டிங் வெளிச்சம். கல்லூரியின் படிப்பும் ஷெட்டின் கைவேலையும் ஒரே பஸ் ஸ்டாப்பில் இறங்குகிற இடம்.

இங்கே மிஷினை இறக்கச் சொன்னார்கள். அரை மூட்டை வெங்காயம் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை வாங்கப்போறது யாரு?"

"விவசாயி" என்றார் மச்சான் பட்டென்று.

"விவசாயியா, மண்டி வச்சிருக்கிற வியாபாரியா, கூலிக்கு ஊர் ஊரா ஓட்டுறவரா? விவசாயிக்கு வருஷத்துல இருபது நாள் வேலை. மண்டிக்காரருக்கு வருஷம் பூராவும். ரெண்டு பேருக்கும் ஒரே மிஷின் ஒரே விலைன்னா எப்படி?"

மச்சான் பதில் சொல்லவில்லை. ராத்திரி லாட்ஜில் தோசை சாப்பிடும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

நாள் 2, செவ்வாய்: தஞ்சாவூர்

புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் நிஃப்டெம், உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். இதன் பழைய கதை எனக்குப் பிடித்தமானது. டெல்டாவில் குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். ஈர நெல் முளைத்துவிடும், இல்லாவிட்டால் புழுங்கி நாறிவிடும். அதற்கு வழி தேடி 1967இல் திருவாரூரில், ஒரு நவீன அரிசி ஆலையை ஒட்டி, நெல்லைப் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கியது. பிறகு தஞ்சைக்கு வந்தது, நெல்லைத் தாண்டி எல்லாப் பயிருக்கும் விரிந்தது, பெயர் பல தடவை மாறியது. ஆட்டோக்காரருக்கு இன்னும் பழைய பெயர் சொன்னால்தான் சட்டென்று தெரிகிறது.

இங்கே எனக்கு வியப்பாக இருந்தது அவர்களுடைய இன்குபேஷன் கூடம். மசாலாப் பொடியோ, சத்துமாவோ, பழக்கூழோ செய்து விற்க நினைக்கிறவர், சொந்தமாக மிஷின் வாங்கும் முன்னால் இங்கே வந்து கட்டணம் கட்டி அவர்களுடைய இயந்திரத்திலேயே சரக்கைப் போட்டு எடுக்கலாம். விற்றுப் பார்க்கலாம். விற்கவில்லையா, கட்டணம் மட்டும்தான் நஷ்டம். கடன் வாங்கி மிஷின் வாங்கி, அது மூலையில் துரு ஏறிக் கிடப்பதை நான் எத்தனை பேர் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்! தேய்மானம் என்று வருஷா வருஷம் எழுதுகிறவனே நான்தான்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அம்மா, ஆராய்ச்சியாளர், அறுத்து விழுந்த வெங்காயத்தில் ஒன்றை எடுத்துக் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எவ்வளவு தாள் விட்டு அறுக்குது?"

மச்சான் விழித்தார். அளந்ததே இல்லை. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். கழுத்தை ஒட்ட அறுத்தால் வெட்டுவாய் திறந்தே இருக்கும், கரும்பூசணம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும், எடையும் சீக்கிரம் குறையும். நீளமாக விட்டால் வியாபாரி விலையைக் குறைப்பார். இரண்டு சென்டிமீட்டரை ஒட்டி விட்டால் கழுத்து நன்றாகக் காய்ந்து மூடிக்கொள்ளும். "கை அறுவை எப்படி, மிஷின் அறுவை எப்படின்னு அளந்துட்டு வாங்க. அப்புறம் சேமிப்பு சோதனை வைக்கிறதைப் பத்திப் பேசலாம்."

சரி என்று லாட்ஜுக்கு வந்து, கட்டிலில் தினத்தந்தியை விரித்து, மச்சானின் வெர்னியரை வைத்து அளக்க உட்கார்ந்தோம். கையால் அறுத்த வெங்காயம் நூறு (நல்லவேளை, அத்தை ஒரு பை கொடுத்துவிட்டிருந்தார்), மிஷின் அறுத்தது நூறு. மச்சான் அளந்து சொல்ல நான் நோட்டில் எழுதினேன். மில்லிமீட்டரில் 18, 21, 19, 22, 20. அத்தை பக்கத்தில் அளவுகோலா வைத்திருந்தார்? கட்டைவிரலின் முதல் கணுதான் அவருடைய அளவு. நூறில் எண்பதுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி, அவ்வளவுதான்.

மிஷின் பக்கம்: 4, 31, 12, 27, 6. பதினேழு வெங்காயத்தில் தோலும் உரிந்திருந்தது. உருளை இடைவெளி ஒன்றுதான். வெங்காயமோ கோலிக்குண்டு முதல் எலுமிச்சை வரை. சின்னது உள்ளே இழுபடுகிறது, பெரியது மேலேயே நின்றுவிடுகிறது. இரண்டு வருஷமாக "அறுக்குது, அறுக்குது" என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம், என்ன அறுக்கிறது என்று பார்க்கவில்லை.

அறை முழுக்க வெங்காய நெடி. பதினோரு மணிக்கு மச்சான் திடீரென்று எழுந்து, சோப்பு டப்பாவையும் என் பேனா மூடியையும் வைத்து எதையோ செய்து காட்டினார். இடைவெளிக்கு ஒரு வழி பிடித்துவிட்டார். அதை நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

நாள் 3, புதன்: காரைக்குடி வழியாக மதுரை

திருமயம் கோட்டையைத் தாண்டியதும் காரைக்குடிப் பக்கம் திருப்பச் சொன்னேன். காரணம் துரு. வெங்காயச் சாறு பட்டுப் பட்டு மிஷினின் இரும்புத் தட்டு ஒரே சீசனில் அரித்துவிடுகிறது. அரிமானம் என்றால் காரைக்குடி சிக்ரிதான், மத்திய மின்வேதியியல் ஆய்வகம். கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள்.

முன் அனுமதி இல்லாமல் போனதால் வாசலோடு சரி. தப்பு எங்கள் மேல்தான். வாசலில் நின்று மச்சானுக்கு அழகப்பச் செட்டியார் கதையைச் சொன்னேன். நாட்டில் ஆய்வுக்கூடங்கள் தொடங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மின்வேதியியல் ஆய்வகத்தைத் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தவர். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயம், ஜனவரி 14, திறப்பு விழா. அதே வருஷக் கடைசியில் டெல்லியில் என்.ஆர்.டி.சி. என்ற நிறுவனம் வந்தது. ஆய்வகத்தில் கண்டுபிடித்ததை உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு தொழிற்சாலைக்குக் கைமாற்றிவிடுவதுதான் அதன் வேலை. ஆய்வகம் ஒரு பக்கம், கைமாற்ற ஆள் இன்னொரு பக்கம் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். கதையை முழுதும் கேட்டுவிட்டு மச்சான், "அப்ப தட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போட்டுரலாமா?" என்றார். போடலாம், செலவு கூடும், அவ்வளவுதான்.

மேலூர் வழியாக மூன்று மணிக்கு ஒத்தக்கடை. ஆனைமலையின் அடியில் வேளாண் கல்லூரி, அதற்குள் நபார்டு ஆதரவில் நடக்கும் வேளாண் வணிகத் தொழில் காப்பகம். விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்கிறவர்கள்தான் இங்கே நிறைய. சிறுதானியம், தேன், முருங்கை. எங்கள் மிஷினைச் சுற்றி நல்ல கூட்டம். ஒரு மூட்டை வெங்காயம் இங்கேயே தீர்ந்துவிட்டது. அறுத்ததைச் சமையல்கூடத்துக்கே கொடுத்துவிட்டோம்.

மாலையில் மதுரை, ஸ்டார்ட்அப்-டிஎன் வட்டார மையம். மாநில அரசின் புத்தொழில் இயக்கம் சென்னையிலேயே உட்கார்ந்திருக்காமல் மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்று முதலில் மூன்று ஊர்களில் மையம் வைத்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தார்கள். பேச்சு முழுக்கத் தமிழில். டெக் கேட்கவில்லை.

டான்சீட் என்ற ஆதார நிதியைப் பற்றிச் சொன்னார்கள். 10 லட்சம் ரூபாய். பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புற வாழ்வாதாரம், பெண்கள் நடத்துவது என்றால் 15 லட்சம். கடன் இல்லை, வட்டி இல்லை. பதிலுக்குக் கம்பெனியில் 3 சதவீதப் பங்கு. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு வேறொரு நிதி இருக்கிறது, அதிலும் அரசு பங்குதாரராகத்தான் சேர்கிறது.

மச்சானுக்குப் பங்கு என்றதும் முகம் சுருங்கியது. "எதுக்கு மாப்ள அவங்களுக்குப் பங்கு?"

நான் வயல் கணக்கில் சொன்னேன். "பேங்க் கடன் குத்தகை மாதிரி. விளைஞ்சாலும் விளையலைன்னாலும் பேசுனதைக் கட்டணும். இது வாரம். விளைஞ்சா அவங்களுக்கு ஒரு பங்கு. காஞ்சு போனா அவங்களுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை."

"நூத்துக்கு மூணா? எங்க ஊர்ல வாரம் இவ்வளவு சல்லிசாக் கிடையாதே" என்று சிரித்துவிட்டார்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. இது என் துறை, நானே முன்பே யோசித்திருக்க வேண்டும். மச்சானின் பட்டறை தனியாள் உரிமை நிறுவனம். இந்த நிதிக்கு வேண்டிய புத்தொழில் அங்கீகாரத்தை மத்திய அரசிடம் வாங்க பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), இல்லாவிட்டால் பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் சான்றிதழ் வைத்துக்கொண்டு "நாங்களும் பதிவு செய்ததுதான்" என்றால் எடுபடாது, அது வேறு கதவு. ஆக, முதல் வேலை கம்பெனி பதிவு. வருஷம் தவறாமல் தணிக்கை, ஆர்ஓசி என்கிற கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் எல்லாம் கூடவே வரும். "அந்தச் செலவு யாருக்குப் போகும்?" என்று கேட்டுவிட்டு மச்சான் என்னையே பார்த்தார். கொஞ்சம் எனக்கும்தான்.

நாள் 4, வியாழன்: திண்டுக்கல்

துவாக்குடிப் பெரியவரின் கேள்விக்குப் பதில் தேடி வெங்காய மண்டிக்குப் போனோம். எந்த இன்குபேட்டரும் இல்லாத இடம். உண்மையில் நான்கு நாளில் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான் என்று தோன்றுகிறது.

சின்ன வெங்காயத்துக்குத் திண்டுக்கல் பெரிய சந்தை, ஏற்றுமதிக்கும் இங்கிருந்து சரக்கு போகிறது. தெருவில் நடந்தால் செருப்பின் அடியில் வெங்காயத் தோல் சரசரக்கிறது. ஒரு மண்டியில் கேட்டு, வாசலில் பிளக் வாங்கி, மிஷினை ஓட்டினோம். முதலாளி வெளியே வந்து ஒரு கை அள்ளினார். அள்ளியதில் தோல் உரிந்ததை மட்டும் தனியே பொறுக்கி மச்சான் கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஐந்து வெங்காயம்.

"தெரியும்ணே. சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"பண்ணுங்க. பண்ணிட்டு வாங்க. ஆனா நான் வாங்க மாட்டேன்."

மச்சானுக்குச் சுருக்கென்றது.

"மிஷின் ரிப்பேரானா எனக்கு யாரு பார்ப்பா? நீங்க பெரம்பலூர்ல இருப்பீங்க. மிஷின் உங்களோடதாவே இருக்கட்டும். இங்க கொண்டாந்து வைங்க, உங்க ஆள் ஒருத்தர் ஓட்டட்டும். மூட்டைக்கு இவ்வளவுன்னு நான் கொடுத்துடறேன்."

மூட்டைக்கு எவ்வளவு என்று பேசினார்கள். துண்டைப் போட்டுக் கைவிரலைப் பிடித்துப் பேசுகிற பழைய வியாபார முறை போய்விட்டது என்றாலும், தொகையை என் காதில் விழாமல்தான் சொன்னார். டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு நாற்பது மூட்டை, மாதம் இருபது நாள் ஓடினால், ஆள் கூலி போக, மிஷின் செய்த செலவு எட்டு மாதத்தில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். மிஷினை விற்றால் ஒரு தடவைதான் காசு. இந்த மண்டிக்காரர் டெக் கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை, தொழில் மாதிரியை இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இதை ஆலோசகர்கள் இங்கிலீஷில் 'சேவையாக இயந்திரம்' என்கிற மாதிரி ஏதோ பெயர் வைத்து விற்கிறார்கள்.

ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம். வழியில் எழுத ஒன்றும் இல்லை, காற்றாலைகளைத் தவிர.

நாள் 5, வெள்ளி: கோயம்புத்தூர்

கோவையில் எதுவும் தூரமில்லை. வார்ப்புக்கு ஒரு தெரு, மோட்டாருக்கு ஒரு தெரு, கியர் வெட்ட ஒரு சந்து. மச்சானின் பழைய தோழர் கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியையும் மிஷினையும் அங்கே விட்டோம். தஞ்சாவூரில் சோப்பு டப்பாவில் செய்து காட்டிய பாகத்தை மச்சான் சாக்பீஸால் தரையில் வரைந்தார். மதியத்துக்குள் இரும்பிலேயே கைக்கு வந்துவிட்டது! எங்கள் ஊரில் இதற்கு ஒரு வாரம் ஆகும், பாதிப் பொருளுக்குத் திருச்சி போக வேண்டும். இந்த வட்டாரத்தின் உதவிச் சேவை என்றால் எனக்கு முதலில் இந்தத் தெருக்கள்தான். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. ஸ்டெப் என்ற தொழில்முனைவோர் பூங்கா, சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புத் துறைப் புத்தாக்க மையம், பம்புக்கும் மோட்டாருக்கும் சோதனை செய்து சான்று கொடுக்கும் சிட்டார்க் எல்லாம் இந்தத் தெருக்களுக்கு மேல்மாடி மாதிரி. கீழே பட்டறைகள் இருப்பதால் மேலே இருப்பவையும் நன்றாக ஓடுகின்றன. 1937இல் ஜி.டி. நாயுடு மோட்டார் செய்த ஊர் இது. அவினாசி ரோட்டுக் கண்காட்சிக்கு மச்சானைக் கூட்டிப் போக ஆசைதான், நேரமில்லை.

பிறகு வேளாண் பல்கலைக்கழகம். கேட்க வேண்டியது மானியம். விவசாயிக்கு அரசு மானியத்தில் கருவி கொடுக்கும்போது சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் விலையில் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது பொதுவான அளவு. மானியப் பட்டியலில் இல்லாத மிஷினை முழு விலை கொடுத்து வாங்க விவசாயிக்கு மனசு வராது, அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பட்டியலுக்குப் போக வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பண்ணைக் கருவிச் சோதனை மையத்தின் அறிக்கை வேண்டும். தெற்கே ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் கார்லதின்னெயில் மத்திய அரசின் மையம் இருக்கிறது. கோவையில் பல்கலைக்கழகத்திலேயே சோதனை செய்கிறார்கள். மணிக்கு எத்தனை கிலோ, எத்தனை சதவீதம் சேதம், எவ்வளவு மின்சாரம் என்று எல்லாமே எண்ணாக எழுத வேண்டும். தஞ்சாவூரில் எழுதிய நோட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் முகத்தில் ஒரு மதிப்பு தெரிந்தது. "புது பாகத்தோட மறுபடி நூறு அளந்துட்டு அப்புறம் விண்ணப்பம் போடுங்க, இப்பப் போட்டா காசு வீண்" என்றார்.

இன்றைக்கு எழுத வேண்டியது இதுவல்ல, அடுத்தது.

ஐந்து மணிக்கு, பீளமேட்டில் ஒரு டீக்கடையில், தோழர் மூலமாகக் காப்புரிமை முகவர் ஒருவரைப் பார்த்தோம். முப்பத்தைந்து வயதுப் பெண். மச்சான் மிஷினை விளக்கினார். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "இதை வெளியில யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களாண்ணா?" என்றார்.

"நிறைய பேருக்குக் காட்டியிருக்கோமேம்மா. பையன் யூடியூப்லகூடப் போட்டான். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க." பெருமையாகச் சொன்னார்.

"எப்ப?"

"போன வருஷம், ஆடி மாசம்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, போனில் அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தார். மூன்றரை நிமிஷம். உருளை, கத்தி, தட்டு எல்லாம் பக்கத்தில் போய், விரலால் சுட்டிக்காட்டி, பையன் தெளிவாகவே படம் எடுத்திருக்கிறான். முழுதும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீடியோவுல இருக்கிற எதுக்கும் இனிமே காப்புரிமை கிடைக்காதுண்ணா."

காப்புரிமை கேட்கும் நாளில் அந்தக் கண்டுபிடிப்பு உலகத்துக்குப் புதியதாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் புதியது இல்லை என்றுதான் ஆகும். மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தாலோ, அறிஞர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தாலோ 12 மாதம் அவகாசம் உண்டு. சோதனைக்காகப் பொது இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் என்றால் அதற்கும் ஒரு வருஷத் தளர்வு இருக்கிறது. யூடியூப் இதில் எதிலும் வராது.

மச்சான் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன்மேல் கோபமா என்று கேட்டேன். "அவன் என்ன பண்ணுவான் மாப்ள? நான்தான் போடச் சொன்னேன். பார்த்துட்டு ஆர்டர் வரும்னு நெனச்சேன்."

அப்புறம் அந்தப் பெண், "புதுசா ஒரு பாகம் செஞ்சதாச் சொன்னீங்களே, அது வீடியோவுல இருக்கா?" என்றார். இல்லை. வேறு யாருக்காவது தெரியுமா? எனக்கும் பட்டறைத் தோழருக்கும். இரண்டு பேரும் இப்போதே வாயைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார், ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்தால் அந்தத் தேதி நமக்கு உறுதியாகிவிடும். முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் இருக்கிறது. தனிநபருக்கும் புத்தொழிலுக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனி என்றால் 8,000. புத்தொழில் அங்கீகாரம் இருந்தால் முகவர் கூலியையும் அரசே கொடுக்கும் திட்டம் உண்டு. மதுரையில் ஒருவர், இடைத்தரகர்தான், இதற்கெல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ஆகும் என்று எங்களிடம் அட்டை நீட்டியிருந்தார்.

செவ்வாய் இரவு "நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன்" என்று எழுதியிருந்தேன் அல்லவா. எழுதவில்லை. புதனும் வியாழனும் சோம்பலில் தள்ளிப்போட்டேன். எழுதியிருந்தால் மச்சான் மகனுக்கு நான் துணையாகியிருப்பேன். என் சோம்பலால் குடும்பத்துக்கு நன்மை நடந்த ஒரே நாள் இது என்று மனைவி போனில் சொல்கிறாள். அந்தப் பாகம் எப்படி வேலை செய்கிறது என்று இனிமேலும் எழுதப் போவதில்லை. யாரும் கேட்க வேண்டாம்.

ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்.

நாள் 6, சனி: சென்னை

ஆன்லைனில் தாக்கல் செய்யும் விஷயத்துக்குச் சென்னைக்கே வரத் தேவையில்லை. ஆனால் டிக்கெட் போட்டாகிவிட்டது, கிண்டி காப்புரிமை அலுவலகத்தைக் கண்ணால் பார்க்காமல் மச்சானுக்கு மனசு ஆறாது. சனிக்கிழமை, பூட்டியிருந்தது. ஜிஎஸ்டி ரோட்டின் இரைச்சலில், கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். தென் மாநிலங்கள் அத்தனைக்கும் காப்புரிமை விண்ணப்பம் இங்கேதான் வருகிறது என்றேன். சரி என்று தலையாட்டினார்.

தோழரின் மருமகன் தரமணியில், ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் வேலை பார்க்கிறார். அவர் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். 2010இல் திறந்தது, பல்கலைக்கழகத்தை ஒட்டி இப்படியொன்று நாட்டில் முதல் தடவை. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா பல வருஷம் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தது. பெரிய பெரிய கட்டடங்கள். எனக்குப் பிடித்தது அங்கே இருக்கும் ஒரு விதி. இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கொடுத்தால் மட்டும் போதாது, ஐஐடி பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து அதற்கு மதிப்பெண் சேர்க்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் கேள்வி வரும். வீட்டுப்பாடம் செய்தால்தான் குடியிருக்கலாம் என்கிற மாதிரி ஒரு வாடகை ஒப்பந்தம். ஏதர் ஸ்கூட்டர் ஐஐடியின் காப்பில் வளர்ந்து ஓசூரில் ஆலை போட்டது. அக்னிகுல் பையன்கள் ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினோடு 2024 மே 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டதும் இங்கே வளர்ந்துதான்.

மச்சான் எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தார். ஒரு கூடத்தில் முப்பரிமாண அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றார். அங்கிருந்த பையன், "என்ன சார் பண்றீங்க நீங்க?" என்று விசாரித்தான். மச்சான் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், "வெங்காயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, செய்ய வேண்டியதை நோட்டில் எழுதினோம். கம்பெனி பதிவு. தற்காலிக விவரக்குறிப்பு. புது பாகத்தோடு மறுபடி நூறு வெங்காயம். தஞ்சாவூர் சேமிப்புச் சோதனை. அதற்குப் பிறகு கோவைச் சோதனை, டான்சீட் விண்ணப்பம். தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்கச் சீட்டு என்று ஒன்று இருப்பதாக மருமகன் சொன்னார். ஆரம்ப நிலைக்கு 2 லட்சம், சந்தைக்குக் கொண்டுபோக 5 லட்சம் வரை. அதன் அலுவலகம் ஈக்காட்டுத்தாங்கல், இங்கிருந்து பக்கம்தான். ஆனால் அதுவும் சனிக்கிழமை. ஆறு ஊர் சுற்றி ஆறு துண்டாகப் பொறுக்கிய இந்தப் பட்டியலை முதல் நாளே ஒரே மேஜையில் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் டீசலாவது மிச்சமாகியிருக்கும். ஒரு சந்தேகமும் இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் மச்சான் வெர்னியரை எடுத்திருப்பாரா, தெரியவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மச்சான் போன் அடித்தது. திண்டுக்கல் மண்டிக்காரர். தோல் உரிவது சரியாகிவிட்டதா, திங்கட்கிழமை மிஷினைக் கொண்டுவர முடியுமா, சரக்கு நிறைய வந்து நிற்கிறது, தாள் அறுக்க ஆள் இல்லை.

"கொண்டாந்துடறேன்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார் மச்சான்.

மிஷின் கோவையில் இருக்கிறது. வண்டியும் கோவையில். நாங்கள் தரமணியில். மூட்டையில் அளந்து பார்க்க ஒரு வெங்காயம்கூட மிச்சமில்லை. இன்று இரவே சேரனில் மறுபடி டிக்கெட் கிடைக்குமா என்று மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறார். காத்திருப்போர் பட்டியல் 46, 47.